பனிச்சங்கேணியில் புதைந்த கிணறு

மட்டக்களப்புக்கு நான் போனது மண்ணுக்குள் கிடந்த ஒரு தையல் மெஷினைத் தோண்டி எடுப்பதற்காக. மெஷின் என்னுடையது அல்ல. மண்டபம் அகதி முகாம் வாசலில் ஆப்பம் சுட்டு விற்கும் பூமணி அக்காவுடையது. மெஷினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் போத்தல், கடைகளில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி. அதற்குள் ஒரு காகிதம். காகிதம்தான் வேண்டும், மெஷின் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்றார் அக்கா.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ராமநாதபுரம் கடலோரத்தில் மணலுக்குள் சிமெண்ட் உறை இறக்கிக் கிணறு எடுப்பது என் தொழில். ஒரே ஊரில் ஆறு மாதம் இருந்தால் எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். கட்ச்சில் இருந்தேன், அந்தமானில் இருந்தேன், மஸ்கட்டில் இரண்டு வருடம் இருந்தேன். பாஸ்போர்ட் இருந்தது. அக்காவுக்கு அது இல்லை. முகாமை விட்டு அவர் நாட்டுக்குப் போனால் பதிவை வெட்டிவிடுவார்கள், திரும்பி வர முடியாது. ஆகவே பார்த்துவிட்டு வருகிறேன் என்று போக அவரால் இயலாது.

காகிதம் காணிப் பெர்மிட், நிலத்துக்கு அரசாங்கம் தந்த பத்திரம். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண் பிள்ளைக்குத்தான் போகும். ஆண் பிள்ளைகள் கட்டிய பெண்ணின் ஊருக்குப் போய்விடுவார்கள். பூமணி அக்காவுக்கு அம்மா கொடுத்த வளவு, வாகரைக்குப் போகும் வழியில் பனிச்சங்கேணியில், கடலுக்கும் வாவி என்கிற உப்பங்கழிக்கும் நடுவே. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊரை விட்டு ஓடும்போது பெர்மிட்டைப் போத்தலில் போட்டு, மெழுகு உருக்கி மூடி, மேலே மெஷினின் தலையை வைத்துக் கிணற்றடியில் புதைத்திருக்கிறார். கிணற்றடி மண் எப்போதும் ஈரமாகவே கிடக்கும். புதிதாகத் தோண்டியது யாருக்கும் தெரியாது. துவைகல்லில் இருந்து கிணற்றுப் பக்கமாக ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். ஆள் இடுப்பளவு ஆழம்.

இப்போது யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. காணிகளை விசாரித்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள், காகிதம் இல்லாதவர்களின் காணி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தம்பி தவராசா ஃபோனில் சொன்னாராம். முகாமில் பிறந்த மகளுக்கு இருபது வயது. அவளுக்குக் கொடுக்க அக்காவிடம் அந்த வளவைத் தவிர ஒன்றும் கிடையாது.

"எல்லாம் பத்திரமாக் கிடக்கு எண்டுதான் தவம் சொல்றான்" என்றார் அக்கா. தம்பியை அவர் தவம் என்பார். "கிணத்த நீ பாத்தோடன கண்டுபிடிப்பாய் மனே. மேல் வளையத்தில என்ர பேர் எழுதிக் கிடக்கும். சீமெந்து காயமுன்ன ஈர்க்கால கீறினது. மேசன் பேசினான்." அவர் பேச்சில் மனே என்றால் மகனே, வளையம் என்றால் உறை, பேசினான் என்றால் திட்டினான்.

கொழும்பிலிருந்து போகும் வழியில், வெலிக்கந்தை தாண்டி, பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி முள் மரங்களுக்கு அடியில் நின்றோம். சோதனைச் சாவடிச் சிப்பாய் ஒருவன் வந்து பைகளைத் திறந்தான். என் பையில் நாலடி இரும்புக் கம்பி இரண்டு துண்டாக இருந்தது, மணலுக்குள் குத்திப் பார்க்க. மண்ணைத் தோண்டுகிறவன் என்றால் அந்த நாட்டில் எதைத் தோண்டுகிறான் என்றுதான் முதலில் கேட்பார்கள். சிங்களம் தெரிந்த ஒரு வாத்தியார் எனக்காகப் பேசினார். சிப்பாய் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதை வாத்தியார் தமிழில் சொன்னார்: "கிணறு வெட்டிற ஆள் எண்டா தன்ர ஊருக்கு வரட்டாம். அங்க நாலு மாசமாத் தண்ணி இல்லையாம்." கம்பியைத் திருப்பித் தந்துவிட்டான். அவனுக்குப் பத்தொன்பது வயதுக்கு மேல் இருக்காது.

தவராசா பெண் கட்டியது கிரானில். வாவிக்கு மேற்கே, நெல் வயல் ஊர். நான் போனபோது அறுவடை நெருங்கியிருந்தது. வயல்வெளியை வட்டை என்கிறார்கள். கச்சான் காற்று என்று மேற்கிலிருந்து ஒரு சூட்டுக் காற்று நாள் முழுவதும் அடித்தது; உதடு வெடித்தது. தவராசாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி. அக்காவைப் போலவே பேசும்போது தலையைச் சாய்த்துக்கொள்வார். மனைவி பிட்டும் மீன் சொதியும் வைத்தார். நம் ஊரில் புட்டு குழாயில் இருந்து உருளையாக வரும். இங்கே உதிரியாக, குருணை குருணையாக, சொதியைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. மண்சட்டியில் எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது.

நான் மெஷினைப் பற்றிப் பேச்சை எடுத்ததும் தவராசா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை மோட்டார் சைக்கிளில் போனோம். வழி முழுக்க அறிவிப்புப் பலகைகள். எந்த நாட்டுக் காசில் எது கட்டப்பட்டது என்று எழுதியிருந்தது. பலகைக்குப் பின்னால் புதர்க்காடு. சில இடங்களில் வீட்டுத் தளம் மட்டும் கிடந்தது, சுவர் இல்லாமல். சுனாமியில் கடல் எடுத்தது எது, ஷெல் எடுத்தது எது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தவராசாவுக்குத் தெரிந்தது. "இது கடல். இது மற்றது" என்று கையைக் காட்டிக்கொண்டே ஓட்டினார்.

வளவில் வீடு இல்லை. நாலு தென்னை, அதில் இரண்டு மொட்டை. நடுவில் தட்டு மாதிரி ஒரு பள்ளம், பத்தடி அகலம், அதில் மட்டும் புல் பச்சையாக இருந்தது. பள்ளத்தின் நடுவே கிணற்றின் மேல் உறை, ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்கால் உயரம் வெளியே தெரிந்தது. விளிம்பில் பாசி. பாசியை நகத்தால் சுரண்டினேன். 'பூமணி 1984'. உள்ளே நின்ற தண்ணீரை ஒரு கை வாரிக் குடித்தேன். கரித்தது.

அந்தப் பள்ளத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்தது. கிணற்றுக்குள் மணல் ஓடியிருக்கிறது. சுற்றியுள்ள மணல் அடி வழியாக உள்ளே போனால்தான் தரை இப்படித் தட்டு மாதிரி இறங்கும்.

"யார் இந்தக் கிணற்றில் மோட்டார் போட்டது?" என்றேன்.

தவராசா குந்தி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "நான்தான் அண்ணன்."

கடல் வந்து போனபின் கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீரும் பிணமும். சுத்தம் பண்ண ஆட்களைச் சேர்த்தார்கள். தவராசாவும் சேர்ந்தார். ஒரு பம்பும் ஒரு காகிதமும் கொடுத்தார்கள். ஒவ்வொரு கிணற்றையும் வற்ற இறைக்க வேண்டும், ஊறியதும் மறுபடி இறைக்க வேண்டும்.

"எல்லாக் கிணத்துக்கும் ஒரு மணித்தியாலம் ஓட விட்டம். இது அக்காட கிணறு. அவ வந்தா நல்ல தண்ணி குடிக்கோணும் எண்டு நான் காலையில தொடங்கி மத்தியானம் வரைக்கும் ஓட விட்டன். முதல்ல தண்ணி வந்திச்சு. மறுகா சேத்துத் தண்ணி. மறுகா வெறும் மணல். நான் நினைச்சன் ஊத்தை வெளிய போகுது எண்டு. டப் எண்டு ஒரு சத்தம். வளையம் ஒரு முழம் கீழ போயிற்று. பக்கத்தில நிண்ட துவைகல்லும் காணாமப் போச்சு."

"அக்காவிடம் சொன்னீங்களா?"

"எப்பிடிச் சொல்றது? ஆறு வருசமாக் கேக்கிறா. எல்லாம் பத்திரம் எண்டு சொல்லிட்டன்."

நான் அவரைத் திட்டவில்லை. தெரியாதவன் செய்கிற தப்பு இது. மணல் கிணற்றில் தண்ணீரை வேகமாக இறைத்தால் வெளித் தண்ணீர் உள்ளே வர முண்டும். முண்டும்போது மணலையும் தூக்கிக்கொண்டு வரும். அதோடு அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரும் மேலே ஏறிவிடும்.

மணல் ஓடுவதை நான் முதலில் பார்த்தது கட்ச்சில், அந்தப் பெரிய பூகம்பத்தின்போது. உப்பளத்தில் வேலை. தரை ஆடி நின்று கொஞ்ச நேரத்தில், வறண்டு வெடித்துக் கிடந்த மண்ணில் இருந்து முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கூடவே சாம்பல் நிற மணல். ஒவ்வொரு ஊற்றைச் சுற்றியும் எறும்புப் புற்று மாதிரி மணல் குவிந்தது. நின்றிருந்த டிராக்டர் அச்சு வரை இறங்கியது. புதைத்து வைத்திருந்த காலித் தண்ணீர்த் தொட்டி தானாக மேலே வந்து நின்றது. கனமானது கீழே போனது, லேசானது மேலே வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அதே தரையில் லாரி போனது. பிறகு ஒரு இன்ஜினியர் சொன்னார்: மணல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துதான் நிற்கிறது, உலுக்கும்போது அந்தப் பிடி விட்டுப்போகிறது, பாரம் முழுக்க இடையில் உள்ள தண்ணீர் மேல் விழுகிறது, தண்ணீர் எதைத் தாங்கும்? எனக்கு அது போதுமாக இருந்தது. பூகம்பம்தான் வேண்டும் என்பதில்லை. கீழே இருந்து தண்ணீர் முட்டினாலும் மணலின் பிடி விட்டுப்போகும்.

பக்கத்து வளவில் பாக்கியம் என்ற பெண் ஒரு தகரக் கொட்டிலில் தனியாக இருந்தார். எங்களுக்குச் சோறு சமைத்துத் தந்தவர் அவர்தான். வாவி இறாலும் முருங்கைக் கீரையும். கட்ச் கதையை அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"இஞ்சயும் அப்பிடித்தான். கடல் வந்தபோது இல்ல, திரும்பிப் போனபோது. காலுக்குக் கீழ மணல் கொதிச்சிச்சு. சோறு கொதிக்குமே, அப்பிடி. நான் முழங்கால் மட்டும் இறங்கிட்டன். அவர் அங்கால கிறவல் ரோட்டில நிண்டார், இறுக்கமான தரை. என்னை இழுக்க ஓடி வந்தார். என்னை மணல் பிடிச்சு வெச்சிருந்திச்சு. அவரைத் தண்ணி கொண்டு போயிற்று." சோற்றைக் கரண்டியால் அழுத்தி வைத்தார். "இன்னும் கொஞ்சம் போடட்டா?"

மூன்றாம் நாள் தவராசா பம்பு கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். மணல் கிணற்றில் எங்கள் தொழிலுக்கு ஒரே சட்டம்தான்: உள்ளே தண்ணீர் வெளியே இருப்பதை விட உயரமாக நிற்க வேண்டும். இறைக்கக் கூடாது. ஆனால் எனக்கு நாலு நாள்தான் விசா மிச்சம். தண்ணீருக்குள் கையால் துழாவித் தோண்டினால் எத்தனை நாள் ஆகுமோ. "பத்து நிமிசம் அண்ணன், கூட இல்ல" என்றார். நான் சரி என்றேன். அந்தத் தப்பை அவர் மேல் போட முடியாது. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

முதலில் கம்பியை இறக்கிப் பார்த்தேன். கிணற்று உறைக்கு ஒட்டினாற்போல், நெஞ்சளவு ஆழத்தில் இரும்பில் இடித்தது. புதைத்த இடத்தில் இருந்து மெஷின் கிணற்றுப் பக்கமாக நகர்ந்து, கீழேயும் போயிருந்தது. தவராசா இறங்கித் தோண்டினார், நான் பம்பைப் பார்த்துக்கொண்டேன். இடுப்பளவு போனதும் குழியின் நாலு பக்கமும் சரிந்தது. அடியில் சின்னச் சின்ன ஊற்றாக மணல் கொப்பளித்தது, கட்ச்சில் பார்த்த அதே மாதிரி. "கிடைச்சிட்டு! கிடைச்சிட்டு!" என்று கத்தினார். உடனே, "கால் வருதில்ல அண்ணன்" என்றார்.

தொடை வரை இறங்கியிருந்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு விரல் அளவு கூட வரவில்லை. பம்பை நிறுத்தினேன். நிறுத்தினால் மட்டும் போதாது. இறைத்த தண்ணீர் பக்கத்துக் குழியில் தேங்கியிருந்தது, அதை வாளியால் அள்ளி அவர் மேல் திருப்பி ஊற்றினேன். பாக்கியமும் ஓடி வந்து ஊற்றினார்.

"விசரா! ஆள் தாழுறான், தண்ணிய ஊத்திறியே!" என்று வேலிக்கு அப்பால் நின்ற ஒரு கிழவர் என்னைத் திட்டினார்.

தண்ணீர் ஏறியதும் மணல் அமைதியானது. காலைச் சுற்றிக் கையை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகவிட்டு, ஒரு காலாக உருவினோம். அரை மணி நேரம் ஆனது. தவராசா மெஷினை விடவில்லை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். மெஷின் துருப்பிடித்து ஒரு பெரிய மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது.

நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும்போது போத்தல் தானாக வந்தது. மேலே இருந்த பாரம் போய்விட்டது அல்லவா. கலங்கிய தண்ணீருக்குள் இருந்து மெதுவாக ஏறி, பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. தவராசா அழுதார்.

மூடி நன்றாகத்தான் இருந்தது. மெழுகு எங்கோ விட்டிருந்தது. பாதித் தண்ணீர். பெர்மிட் நாலாக மடித்தபடி இருந்தது, ஆனால் மை எல்லாம் கரைந்து ஊதாவாகி மூலையில் சேர்ந்துவிட்டது. முத்திரை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. ஒரு எழுத்து இல்லை.

அந்த நேரத்தில்தான் திரும்பிப் பார்த்தேன். கிணறு இல்லை. தோண்டிய குழியும் கிணறும் ஒன்றாகிச் சேற்றுக் குட்டையாகக் கிடந்தன. உறை கீழே போய்விட்டிருந்தது. அப்போது அது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. உப்புக் கிணறுதானே.

நாலாம் நாள் கறைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போனோம். ஊரில் விதானையார் என்பார்கள். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, மேசை மேல் ஒரு பிளேன் டீ. பால் இல்லாத டீயை அங்கே எல்லோரும் குடிக்கிறார்கள். எனக்கு அது மருந்து மாதிரித்தான் இருந்தது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சரிவராது தம்பி. இதில ஒண்டும் இல்லையே." பிறகு நிமிர்ந்தார். "ஏன் பெர்மிட்டைத் தேடித் திரியிறீங்க? இஞ்ச பாதிச் சனத்திட்டப் பெர்மிட் இல்ல. பழைய கிணறு இருந்தாப் போதும். நான் வந்து பாத்து அறிக்கை எழுதினா விசாரணையில எடுப்பாங்க. வளையத்தில பேர் இருந்தா அதை விடத் திறம் ஒண்டும் இல்ல. அவவின்ர கிணறு இருக்கா?"

தவராசா என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"இருந்திச்சு ஐயா" என்றார்.

"இருந்திச்சு எண்டா?"

"நேத்து வரைக்கும் இருந்திச்சு."

விதானையார் கண்ணாடியைக் கழற்றினார். நடந்ததைச் சொன்னோம். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "நாளையிண்டைக்குக் காலையில வாறன். அதுக்குப் பிறகு அறிக்கை அனுப்பினாப் பிரயோசனம் இல்ல. நான் கண்டதைத்தான் எழுதுவன். காணாததை எழுத மாட்டன்."

அன்று மத்தியானமே ஓட்டமாவடிக்குப் போனோம். அங்கே சிமெண்ட் உறை வார்க்கும் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். அண்ணன் என்பதற்கு அங்கே அவர்கள் நானா என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். பழைய உறையை விட அகலமான உறை இரண்டு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். கிணற்றைச் சுற்றி ஒரு கிணறு இறக்க என்றேன். "கிணத்துக்குச் சட்டை போடப் போறீங்களா தம்பி?" என்று சிரித்தார். கதையைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் லேண்ட் மாஸ்டர் என்கிற சின்ன டிராக்டரிலேயே உறைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி எங்களுக்குக் கொத்து ரொட்டி வாங்கித் தந்தார். அவர்களும் அந்த ஊரில் இருந்து ஒருமுறை ஓடித் திரும்பியவர்கள்தான் என்று சாப்பிடும்போது சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வேலை. கம்பியால் குத்திப் பழைய உறை எங்கே என்று பார்த்தேன். மேல் விளிம்பு இரண்டடிக்குக் கீழே, முன்னை விட அதிகம் சாய்ந்து. அதைச் சுற்றி வரும்படி பெரிய உறையை வைத்தோம். நான் உள்ளே இறங்கித் தண்ணீருக்கு அடியில் கையாலும் சட்டியாலும் மணலை அள்ள, உறை தன் பாரத்தில் இறங்கியது. ஒரு பக்கம் அதிகம் அள்ளினால் சாய்ந்துவிடும். சுற்றிச் சுற்றி அள்ள வேண்டும். வெளியே தவராசாவும் நானாவும் பாக்கியமும் வாவியில் இருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து உள்ளே ஊற்றினார்கள். உள்ளே தண்ணீர் குறையவே கூடாது.

வேடிக்கை பார்க்கச் சனம் கூடிவிட்டது.

"இந்தியாவில இப்பிடித்தான் கிணறு வெட்டிறதாக்கும். நாங்க தண்ணி எடுக்க வெட்டிறம், அவங்க தண்ணி ஊத்த வெட்டிறாங்க."

"தாகமா இருக்குப் போல கிணத்துக்கு!"

"சிரிக்காம ஆளுக்கு ஒரு வாளி தூக்குங்கடா" என்று பாக்கியம் கத்தினார். இரண்டு பேர் தூக்கினார்கள். பிறகு ஆறு பேர்.

சாயந்திரம் என் கைக்குப் பழைய விளிம்பு தட்டுப்பட்டது. எழுத்து இருந்த பக்கம் கீழ்ச் சரிவில். இன்னும் ஒரு முழம் அள்ள வேண்டியிருந்தது. பொழுது போவதற்குள் விரலில் ஒரு பள்ளம் தெரிந்தது. அந்தப் பள்ளத்தின் வழியே விரலை ஓட்டினேன். 'பூ'.

ஆறாம் நாள் காலை விதானையார் வந்தார். எட்டிப் பார்த்தார். பால் மாதிரிக் கலங்கிய தண்ணீர்தான் தெரிந்தது.

"எங்க பேர்?"

"அடியில் இருக்குங்க. கைக்குத் தெரியும்."

"தண்ணிய இறைச்சுவிடுங்க, பாப்பம்."

"இறைத்தால் மணல் வந்து மூடிடும். இனி எடுக்க முடியாது."

அவர் சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார். கையில் இருந்த ஃபைலைப் பாக்கியத்திடம் கொடுத்தார். கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றித் தவராசாவிடம் கொடுத்தார். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி, அந்த வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்தார். நான் அவர் கையைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தேன். கன்னம் தண்ணீரில் பட்டது.

"பூ" என்றார். "ம… ணி… ஓம். ஒண்டு, ஒன்பது… எட்டு, நாலு." கையை எடுக்கவில்லை. "ஊரில எத்தினை பூமணி. இது அவதான் எண்டு நான் எப்பிடி எழுதிறது? அவவைக் கூப்பிடுங்க."

தவராசா ஃபோனைப் போட்டு அவர் காதில் வைத்துப் பிடித்தார். படுத்தபடியே கேட்டார். "பிள்ளை, நான் விதானை கதைக்கிறன். உன்ர கிணத்து வளையத்தில பேரும் வருசமும் தவிர வேற என்ன கிடக்கு?"

அந்தப் பக்கத்தில் ஆப்பச் சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னது சுற்றி நின்ற எங்களுக்கும் கேட்டது.

"கோழி மிதிச்சிட்டு. பேருக்குப் பின்னால. ரெண்டு அடி. அதுக்குத்தான் மேசன் பேசினான்."

விதானையாரின் தோள் இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். விரல் தேடுவது முகத்தில் தெரிந்தது. "ஒண்டு கிடக்கு" என்றார். பிறகு, "ரெண்டு."

எழுந்து, ஈரக் கையோடு நின்றபடியே அறிக்கை எழுதினார். கண்டேன் என்று எழுதவில்லை. தொட்டு வாசித்தேன் என்று எழுதினார். இனி இந்தக் காணியை வேறு ஆளுக்குக் கொடுக்க முடியாது, ஆனால் கையெழுத்து வைக்க அவர் நேரில் வர வேண்டும், வருடக் கடைசிக்குள், என்றார். அதாவது முகாமை விட்டு மொத்தமாக வர வேண்டும். மகள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. மண்டபத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

ஃபோனை என்னிடம் கொடுத்தார்கள். அக்கா காகிதத்தைப் பற்றியும் கேட்கவில்லை, மெஷினைப் பற்றியும் கேட்கவில்லை.

"தண்ணி இப்பவும் இனிக்குதா மனே? எங்கட கிணத்துத் தண்ணிக்கு வாகரையில இருந்து வருவாங்க."

தவராசா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு வருடம் அவர் சொன்ன பொய்யை நானும் சொல்லலாம். "கரிக்குதுக்கா" என்றேன். "வீடும் இல்லை. நாலு தென்னை நிக்குது. ரெண்டு மொட்டை."

"தவம் பக்கத்தில நிக்கிறானா? அவனைப் பேசாத" என்றார். வைத்துவிட்டார்.

அன்றைக்கே கிளம்பினேன். வாழைச்சேனையில் பஸ் ஏறும்போது மழை மாதிரி இருந்தது, பெய்யவில்லை. இந்த முறை டயர் வெடிக்கவில்லை. வெலிக்கந்தையில் அதே சிப்பாய் நின்றான். கம்பியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து கையால் குத்துவது போல் காட்டி, கிடைத்ததா என்று கேட்டான். தலையை ஆட்டினேன். கிடைத்தது என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெளிவாக இல்லை.

கொழும்பில் இறங்கியதும் அக்கா கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. கோபமாக இருக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

"கிணத்தை என்னத்தால மூடிட்டு வந்தாய்?"

மூடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலடி அகலத்தில் திறந்த வாயோடு விட்டுவிட்டு வந்திருந்தேன். இத்தனை வருடத் தொழிலில் அப்படிச் செய்ததே இல்லை.

"மூடலைக்கா."

"மூடல்லையா? சுத்திவரப் புள்ளையள் திரியிற இடம். நான் வந்து பாக்கிறதுக்குள்ள ஒரு புள்ள விழுந்தா ஆர் பதில் சொல்றது? தவத்துக்கு எடுத்துச் சொல்லு, இப்பவே."

தவராசாவைக் கூப்பிட்டேன். அவர் அங்கேதான் இருந்தார். என்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததுமே தென்னங்கிடுகு வைத்து மூடிவிட்டாராம். கச்சான் காற்று கிடுகைத் தூக்கிக்கொண்டே இருந்ததாம், அதனால் அக்காவின் மெஷினை எடுத்து மேலே வைத்திருக்கிறாராம்.

"நல்ல பாரம் அண்ணன்" என்றார். "அசையுதில்ல."